முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

செப்டம்பர் 5, 2009 – சனி

எங்கள் காது கேளாதோர் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் பெரில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். டிசம்பரோடு இங்கே லங்காஷயரில் பழைய டிவி ஒளிபரப்பு நிற்கிறதாம். ஆளாளுக்குப் புதுப் பெட்டி வாங்கி மாட்ட வேண்டுமாம். டிவியில் எழுத்தாகச் செய்தி வருகிற பழைய டெலிடெக்ஸ்ட் பக்கங்களும் அதோடு போய்விடுமாம். தாளைக் கிழித்து, மேஜையில் கொட்டியிருந்த டீயைத் துடைத்தேன். நன்றாகவே துடைத்தது.

பெரில் பார்த்துவிட்டாள். "ஏன் தெல்மா, தாளைக் கிழிச்சா ஒளிபரப்பு நிக்காம இருந்துடுமா?" என்று கையாலேயே கேட்டாள். எங்கள் செயலாளர் அவள். காதில் மெஷின் வைத்தால் அவளுக்குக் கொஞ்சம் கேட்கும். அந்தக் கொஞ்சத்துக்கே இவ்வளவு பந்தா.

"நிக்கட்டும், நிக்காம போகட்டும். நீ ஒட்டு, நான் கிழிக்கறேன்" என்றேன்.

காது கேட்கிற சனங்களுக்குச் சனிக்கிழமை மதியம் ரேடியோ இருக்கிறது. எங்களுக்கு 318-ஆம் பக்கம் இருக்கிறது. ரிமோட்டில் மூன்று எண்ணை அமுக்கினால் கறுப்புத் திரையில் மஞ்சளும் நீலமுமாகக் கால்பந்து ஆட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும். கோல் விழுந்தால் எண் மாறும். என் அண்ணன் ரெக்ஸ் டிவி பக்கத்தில் நின்று அதைப் பார்த்துச் சொல்வான். சொல்வான் என்றால், முதலில் தரைப் பலகையில் ஓங்கி ஒரு மிதி. அதிர்வு காலில் ஏறியதும் கூடம் முழுக்கச் சீட்டையும் டாமினோவையும் விட்டுத் திரும்பும். அப்புறம் இரண்டு கையையும் உயர்த்தி யார் அடித்தது, எப்போது அடித்தது, எதிராளி மூஞ்சி எப்படிப் போயிருக்கும் என்பது வரை நடித்துக் காட்டுவான். எங்கள் ஊர் ஹார்ட்ஷா டவுன் தோற்றால்கூட அதைப் பார்க்கச் சுகமாக இருக்கும்.

இன்றைக்கு 3–0. தோல்வி. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

செப்டம்பர் 12 – சனி

மானம் போயிற்று.

ஹார்ட்ஷா 2–1 என்று அண்ணன் அறிவித்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது, அதே 2–1. ஆட்டம் முடிந்திருக்கும், ஜெயித்துவிட்டோம் என்று கூடமே கையைத் தூக்கி ஆட்டியது. டாமினோ மேஜை சிட் கிழவர் எல்லாருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தார். அவர் பையிலிருந்து காசு வெளியே வந்ததை இந்தக் கிளப்பில் யாரும் பார்த்ததில்லை. அந்த நேரம் பெரிலுக்கு அவள் மகனிடமிருந்து போனில் செய்தி வந்தது. இரண்டுக்கு நாலு. தோல்வி.

பெரில் நேரே டிவியிடம் போனாள். திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு சொல் – HOLD. யாரோ பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிறுத்தினால் அந்தப் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும், எத்தனை கோல் விழுந்தாலும் மாறாது.

யாரோ என்ன யாரோ. ரிமோட் அண்ணன் கையில்தான் இருந்தது.

"கிழவன் நம்மளை முட்டாளாக்கிட்டான்" என்று சிட் கையை வீசினார். அண்ணன் சிரித்துச் சமாளித்தான். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பொய் என்று தெரியும்.

செப்டம்பர் 13 – ஞாயிறு

கேட்டுவிட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவனின் கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கேட்டேன். கையில் கத்தி இருந்தால் எப்படிப் பேசுவான்?

"பக்கத்தை ஏன் நிறுத்தின?"

"படிக்க நேரம் வேணும். அது மாறிக்கிட்டே இருக்கு. நிறுத்தினேன், விட மறந்துட்டேன்."

அவன் கண் ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும்தான் தெரியும் என்றார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று தெரியாது. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவானே? "சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். அச்சகத்தில் எழுத்துக் கோத்த மனிதன். பத்திரிகையைச் சும்மா பிடித்துக்கொண்டு இருக்கிறானாம்.

"அப்போ எதுதான்டா படிக்க முடியுது உன்னால?"

"318. கறுப்பு மேல மஞ்சள். பெரிசாக்கற பொத்தானை அமுக்கினா எழுத்து ரெண்டு மடங்கு உயரமாகும். அது ஒண்ணுதான் நானே படிக்கறது."

பிறகு உப்பும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் உருளைக்கிழங்கைத் தின்றோம். நான் உப்புப் போட மறந்ததை அவன் சொல்லவே இல்லை.

செப்டம்பர் 17 – வியாழன்

கமிட்டிக் கூட்டம். பெரிலின் தீர்மானம்: சுவர் அகலத்துக்குப் புது டிவி, புதுப் பெட்டி. எழுத்துச் செய்தி அதிலும் வருமாம், சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதுமாம், படத்தோடு வருமாம். "ஒருத்தர் பார்த்துச் சொல்லணும்னே இல்ல. அவங்கவங்களே படிச்சுக்கலாம். தப்பும் நடக்காது" என்றாள். 'தப்பு' என்று காட்டும்போது அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது பரவாயில்லை.

அண்ணன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் மானத்தை நான் எப்படிக் கூட்டத்தில் போட்டு உடைப்பேன்? வாய்க்கு வந்ததை – இல்லை, கைக்கு வந்ததை – சொன்னேன். "உன் புதுப் பெட்டி ஆமை. பழசு குதிரை. வேணும்னா போட்டி வை. நான் ஜெயிச்சா பழைய டிவி கடைசி நாள் வரைக்கும் இருக்கணும், அண்ணன்தான் சொல்லணும்."

"தோத்தா?" என்றாள் பெரில்.

"அன்னிக்கே கழட்டி எறி."

வீட்டு வாசலில் அண்ணன், சைகையில் என்னைக் கூப்பிட அவன் வைத்த கைப்பெயரைக் காட்டினான். மிளகு டப்பாவைக் குலுக்குகிற மாதிரி. கோபத்தில் வைத்த பெயரா, பிரியத்தில் வைத்த பெயரா என்று அறுபது வயதாகியும் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 24 – வியாழன்

ரிமோட்டும் நானுமாகப் பயிற்சி. வானிலை, கால்பந்து, பட்டியல் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவேன். வரட்டும் ஆமை.

அக்டோபர் 3 – சனி

தோற்றேன்.

அப்படியே எழுதி வைக்கிறேன். பூசி மெழுக நான் என்ன பெரிலா?

புது ஒளிபரப்புக்கு மாற உதவுகிறவர்கள் டேரன் என்ற பையனை அனுப்பியிருந்தார்கள். காது கேட்கிறவன். பார்க்க நல்ல மாதிரி. பெரில் அவன் பேச்சை எங்களுக்குக் கையால் சொன்னாள். புது டிவியைப் பழையதுக்குப் பக்கத்திலேயே வைத்தான். மூன்று கேள்வி, யார் திரையில் விடை முதலில் வருகிறதோ அவர் கையைத் தூக்க வேண்டும். முதலாவது நாளைய வானிலை – நான்தான். அவன் திரையில் 'ஏற்றப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கூடமே கையைத் தூக்கி ஆட்டியது. இரண்டாவது ஹார்ட்ஷா ஸ்கோர் – அவன். அது எப்படி என்று இன்னும் புரியவில்லை, அவன் எதையோ முன்கூட்டியே திறந்து வைத்திருந்தான் என்று என் சந்தேகம். மூன்றாவது, கால்பந்துப் புள்ளிப் பட்டியலில் ஹார்ட்ஷா எத்தனையாவது இடம்.

எண்ணை அமுக்கினேன். பக்கம் உடனே வந்தது. ஆனால் அது மூன்று துண்டுப் பக்கம், தானாகத்தான் மாறும். ஹார்ட்ஷா இருக்கிற துண்டு அந்த நொடிதான் தாண்டிப் போயிருந்தது. இனி மற்ற இரண்டும் சுற்றி வந்த பிறகுதான் அது வரும். நிற்கிறேன். நிற்கிறேன். ரிமோட்டை உலுக்கினால் வருமா? ஆத்திரத்தில் உலுக்கினேன். அதற்குள் டேரன் கையைத் தூக்கிவிட்டான்.

சரி. அந்தப் பழைய சனியன் எப்போதும் அப்படித்தான், காக்க வைக்கும். வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு என் காலையே வாரிவிட்டது.

பழைய டிவியைக் கழற்றினார்கள். பெரில் அண்ணனைக் கூப்பிட்டாள். "ரெக்ஸ், வா. புதுசிலயும் நீயே முதல்ல சொல்லு." மரியாதையாகத்தான் கூப்பிட்டாள், பொய் சொல்லக் கூடாது.

அண்ணன் போனான். மூலையில் குட்டியாகப் படம் ஓடுகிறது. பக்கத்தில் வெளிர் நீலத்தில் வெள்ளை எழுத்து, எறும்பு எறும்பாக. ஓரடி தள்ளி நின்றான். அரை அடி. பிறகு மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு. கூடத்துக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தரையில் மிதிக்கவில்லை. சிட் கிழவர் பியர் அட்டையை அவன் முதுகில் எறிந்து "மறைக்காதய்யா!" என்றார்.

திரும்பினான். "கண்ணாடி கொண்டு வரல" என்றான்.

கண்ணாடி மூக்கு மேலேயே இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

அக்டோபர் 4 – ஞாயிறு

அண்ணன் எழுந்து வரவில்லை. சாப்பாட்டை அவன் அறை வாசலில் வைத்தேன், அப்படியே இருக்கிறது.

போட்டி வைத்தது நான்தானே? வேகம் வேகம் என்று குதித்தேன். வேகமா இங்கே பிரச்சினை? எழுத்து! எழுத்தோட உசரம்! அதை மறைக்கப்போய் கூடமே பார்க்கும்படி செஞ்சுட்டேனே, என்ன பொம்பளைடி நீ?

ஆனால் அழ மாட்டேன். அழுதால் பெரிலுக்குக் கொண்டாட்டம்.

அக்டோபர் 10 – சனி

அண்ணன் வரவில்லை. நான் மட்டும் போனேன், யாருக்கும் பயந்து வீட்டில் உட்காருகிறவள் இல்லை நான். புது டிவியில் கோல் விழுந்தது. தரையில் மிதி இல்லை, எவரும் திரும்பவில்லை. அவரவர் நேரத்துக்கு அவரவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்கள். சிட் இரண்டு முறை அந்த மூலையைப் பார்த்தார். அண்ணன் நிற்கிற மூலையை.

"அவரு வரலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பியர் அட்டைக்கு பயந்துட்டான்" என்றேன். மனிதர் மூஞ்சியில் ஈயாடவில்லை.

அக்டோபர் 15 – வியாழன்

டேரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பெரில் அனுப்பினாளாம். கதவைச் சாத்தத்தான் நினைத்தேன், ஆனால் பையன் ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தில் 'எனக்குத் தெரியாது, மன்னித்துவிடுங்கள்' என்று எழுதிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான்.

மதியம் முழுக்க எங்கள் டிவியில் புதுப் பெட்டியை மாட்டி உருட்டினான். எழுத்தைப் பெரிதாக்க வழி இல்லை. பின்னணியைக் கறுப்பாக்க வழி இல்லை. தலைமை ஆபீசுக்குப் போன் போட்டான். நீளமாகப் பேசினான், முகம் சிவந்தது. வைத்துவிட்டு எழுதினான்: 'அப்படி யாரும் கேட்டதில்லை என்கிறார்கள்.'

'இப்போது ஒருத்தி கேட்கிறாள்' என்று கீழே எழுதிக் கொடுத்தேன்.

நியாயமாகப் பேசுவோம். படத்தின் கீழே ஓடுகிற வசன எழுத்து புதிதில் நன்றாக இருக்கிறது. மழை பெய்தாலும் சொற்கள் உடைவதில்லை. பழையதில் காற்றடித்தால் ஹார்ட்ஷாவின் பெயரில் பாதி குறியும் புள்ளியுமாக வந்து நிற்கும், அண்ணன் அதையே ஒரு புது ஆட்டக்காரனின் பெயராக நடித்துக் காட்டுவான். புதிதில் புகைப்படம் உண்டு. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் பழையது அசிங்கமாக, கொட்டை கொட்டையாக, கறுப்பில் மஞ்சளாக இருந்தது. அந்த அசிங்கத்தைத்தான் என் அண்ணனால் படிக்க முடிந்தது. புதிதைச் செய்தவர்களுக்கு அது அசிங்கம் மட்டும்தான்.

நவம்பர் 4 – புதன்

பழைய ஒளிபரப்பில் ஒரு சேனல் இன்றோடு போயிற்று. மற்றவை அடுத்த மாதம். வீட்டுப் பழைய டிவியில் மிச்சமிருக்கிற சேனலில் அண்ணன் 318-ஐப் போட்டு, பெரிதாக்கி, வார நாளில் ஆட்டமே இல்லாத வெற்றுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமே இல்லையே அதுல?"

"இல்லங்கறதையும் நான்தானே படிக்கறேன்" என்றான்.

நவம்பர் 14 – சனி

இழுத்துக்கொண்டு போனேன். கிளப்பில் பட்டாணியும் இறைச்சி அடைத்த மாவுப் பலகாரமும் கிடைக்கும் என்று ஆசை காட்டி, கடைசியில் திட்டி, இழுத்துக்கொண்டு போனேன். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

எதிர்ச் சுவரில் அம்பெறிகிற டார்ட்ஸ் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கரும்பலகை, சாக்பீசில் கணக்கு. சிட்தான் எழுதிக் கழித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் காலில் அதிர்வு. அண்ணன் மிதிக்கிறான்! கூடம் முழுக்கத் திரும்பியது.

"யோவ் சிட்! நூத்தி எழுபதுல அறுபத்தஞ்சு போனா நூத்தி பதினஞ்சா? எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அது?"

சிட் பலகையைப் பார்த்தார், எண்ணினார், துடைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அந்தப் பலகைக்கும் நடுவில் கூடத்தில் பாதி இருந்தது.

கறுப்புப் பலகை. கொட்டை எழுத்து.

அடி மடச்சி, இத்தனை வாரமாகக் கண் முன்னாலேயே தொங்கியதே!

நவம்பர் 17 – செவ்வாய்

பெயின்ட் கடை. கரும்பலகைப் பெயின்ட், ஒரு டின். மஞ்சள், நீலம், வெள்ளை சாக்பீஸ். கடைக்காரர் 'பள்ளிக்கூடமா?' என்று எழுதிக் கேட்டார். 'சண்டை' என்று எழுதினேன்.

நவம்பர் 19 – வியாழன்

சாவி என்னிடம் இருக்கிறது, துப்புரவு முறை என்னுடையது. மேடைக்குப் பக்கத்துச் சுவரை மேலிருந்து கீழ் வரை கறுப்பாக அடித்தேன். கமிட்டியைக் கேட்கவில்லை. கேட்டால் மூன்று கூட்டம் போட்டிருப்பார்கள்.

முடிக்கிற நேரம் பெரில் வந்தாள். கதவிலேயே நின்றாள். கை இரண்டும் பறந்தது. "உனக்குப் பைத்தியமா? யாரைக் கேட்டு அடிச்ச? இது போன வருஷம்தான் பூசின சுவரு!"

"நீ யாரைக் கேட்டு என் அண்ணனை மூலைல உட்கார வச்ச?"

"நான் எங்க உட்கார வச்சேன்? போட்டி வச்சது நீ!"

"ஆமா, நான்தான். அதுக்குத்தான் நானே சுவரும் அடிக்கறேன்."

பிறகு பிரஷைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண், குழாய், பத்திரிகையைச் சும்மா பிடித்துக்கொண்டிருப்பது, ரெண்டு மடங்கு எழுத்து. அண்ணனிடம் காலையிலேயே கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "கூடமே பார்த்தாச்சு, இனி என்ன மறைக்க?" என்றிருந்தான்.

பெரில் கதவைவிட்டு உள்ளே வந்தாள். பிறகு, "அன்னிக்கு அவன் மூக்கு மேலயே இருந்த கண்ணாடியை நான் பார்த்தேன், தெல்மா. அன்னிக்கே உன்கிட்ட வந்திருக்கணும்" என்றாள். உடனே அவளுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. "கீழ் ஓரம் கோணலா இருக்கு, அதையாவது ஒழுங்கா அடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோணலாகத்தான் இருந்தது. இன்னொரு முறை அடித்தேன்.

டிசம்பர் 2 – புதன்

காலையில் வீட்டுப் பழைய டிவியைப் போட்டேன். எல்லாச் சேனலிலும் வெறும் புள்ளி. அண்ணன் பின்னால் வந்து நின்று பார்த்தான். 318 என்று அமுக்கினான். ஒன்றும் இல்லை.

"இதையும் படிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனான்.

நான் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

டிசம்பர் 5 – சனி

கை முழுக்க மஞ்சள் சாக்பீஸ். இந்தப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது, இருக்கட்டும்.

புது டிவிக்கு எதிரில் பெரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவளாகத்தான் உட்கார்ந்தாள், நான் கூப்பிடவில்லை. அவள் திரையில் பார்த்து எனக்குக் கையால் சொல்ல, நான் ஏணியில் நின்று சுவரில் எழுதினேன். மேலே பெரிதாக 318. ஊர்ப் பெயர் வெள்ளை, எதிராளி நீலம், கோல் மஞ்சள். ஒவ்வோர் எழுத்தும் என் முழங்கை நீளம். அண்ணன் பழைய மூலையில் நின்றான். கண்ணைச் சுவரில் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்தி நகர்த்திப் படித்தான். பிறகு மிதித்தான். கூடம் திரும்பியது. ஆரம்பித்துவிட்டான், எங்கள் கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி. சிட் கிழவர் சிரித்து இருமி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த கோல். பெரில் கையைக் காட்டினாள், நான் டஸ்டரை எடுத்துப் பழைய எண்ணை அழிக்கப் போனேன். அண்ணன் உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தினான். நில்.

நின்றேன். ஏணியில், டஸ்டரைத் தூக்கியபடி. பெரிலும் திரையை விட்டுத் திரும்பிக் காத்திருந்தாள். கூடமே காத்திருந்தது. அவன் கண் வரியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்ச் சேர்ந்தது. அவசரமே இல்லை அவனுக்கு. பிறகுதான் கையை இறக்கினான். நான் அழித்து எழுதினேன்.

3–1. தோற்றுப் போனோம்.

கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் முறையிட்டான். "பக்கம் மாற எவ்வளவு நேரம் ஆகுது? அந்தப் பழைய பெட்டியே தேவலை."

"பிடிக்கலைன்னா சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பாரேன்" என்றேன்.

மிளகு டப்பாவைக் குலுக்கிக் காட்டினான். அடுத்த சனிக்கிழமைக்கு மஞ்சள் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்க வேண்டும்.